சுங்கானில் மூன்று புள்ளிகள்

நமது பங்கைச் சேர்ந்த அன்பர் ஒருவர் மந்தைவெளியில் வசிக்கிறார். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்; மனைவியை இழந்தவர்; எழுபத்தைந்து வயதை எட்டியவர். சென்ற தவக்காலம் தொடங்குவதற்குச் சில நாள்கள் முன்னர், மாலைத் திருப்பலி முடிந்து நாம் குருமனைக்குத் திரும்பியபோது, மடியில் ஒரு சிறு பெட்டியோடு திண்ணையில் அமர்ந்திருந்தார். அவருடைய இசைவோடுதான் இதனை எழுதுகிறோம்.

"என் மகன் அனுப்பிய பிறந்தநாள் பரிசைப் பாருங்கள், ஃபாதர்" என்றார். குரலில் மகிழ்ச்சி இல்லை.

பெட்டிக்குள் ஒரு புதிய புகைக்குழாய் இருந்தது. நம் பாட்டனார் காலத்தில் சுங்கான் என்பார்கள். இன்று பைப் என்கிறோம். சிவந்த பழுப்பு நிறம். கிண்ணத்தின் மேல் தீச்சுவாலை எழுவது போன்ற ரேகைகள். நமக்கு அழகாகவே தோன்றிற்று. அன்பரோ சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து நம் கையில் கொடுத்தார். கிண்ணத்தின் இடப்புறத்தில் குண்டூசித் தலையளவில் மூன்று புள்ளிகள். இரண்டு வெறுங்குழிகள். மூன்றாவதில் ஏதோ ஒரு பசை அடைக்கப்பட்டு, மரத்தின் நிறத்தோடு ஒட்டாமல் நின்றது.

அவருக்கும் சுங்கானுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1973-இல் "கௌரவம்" திரைப்படம் வெளிவந்தபோது அவருக்கு இருபத்து மூன்று வயது. பாரிஸ்டர் ரஜினிகாந்தாக வந்த சிவாஜி கணேசனின் மிடுக்கையும் அவர் கையிலிருந்த சுங்கானையும் கண்டு மயங்காத இளைஞர் அன்று குறைவு. நம் அன்பர் மறுமாதச் சம்பளத்தில் மூர் மார்க்கெட்டுக்குப் போய், யாரோ ஓர் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற பழைய சுங்கான் ஒன்றைப் பேரம் பேசி வாங்கினார். (அந்த மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்து போயிற்று.) இதய மருத்துவர் தடுக்கும் வரை அதை விடவில்லை. தியாகராய நகரிலிருந்து வீடு மாறியபோது அதுவும் தொலைந்தது.

"கழித்துப் போட்ட சரக்கு, ஃபாதர். அப்பாவுக்கு இது போதும் என்று நினைத்திருக்கிறான்" என்றார். மகன் பிரான்சில் லியோன் நகரத்தில் வேலை செய்கிறார். தாயின் அடக்கத்திற்கு அவரால் நேரத்தில் வந்து சேர இயலவில்லை; மறுநாள்தான் வந்தார். அந்தக் காயத்தின் மேல்தான் இந்த மூன்று புள்ளிகளும் விழுந்திருந்தன. இதை நாம் அப்போதே உணர்ந்திருக்க வேண்டும்.

உணரவில்லை. மாறாக, "பெற்றோருக்கு வாங்கும்போது மட்டும் இக்காலப் பிள்ளைகளுக்குக் கண் தெரிவதில்லை" என்றோம். சொன்னபோது அது நமக்கு நல்ல வாக்கியமாகவே பட்டது. அன்பர் தலையசைத்தார். "இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் நாடகத்திற்காவது உதவும்" என்று பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அன்றிரவே மகனுக்குச் செய்தி அனுப்பினார். அதில் நமது வாக்கியமும், "பங்குத் தந்தையே சொன்னார்" என்ற முத்திரையோடு, ஓர் எழுத்தும் குறையாமல் போய்ச் சேர்ந்தது.

இரண்டு வாரம் கழித்து, முழந்தாள் பலகைகளைப் பழுது பார்க்க நமது பங்கின் முதிய தச்சர் வந்தார். கூலி வாங்க அலுவலக அறைக்குள் நுழைந்தவர் மேசைமேல் கிடந்த சுங்கானை எடுத்தார், கூலியை மறந்துவிட்டார். சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, நகத்தால் தட்டி, முகர்ந்தார்.

"இது தண்டு மரம் இல்லை, சாமி. தூர்க்கட்டை. மண்ணுக்குள்ளே கல்லையும் மணலையும் கட்டிப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது. இதில் குழி இல்லாமல் எப்படி இருக்கும்?"

"அந்தப் பசை?"

"பட்டி பார்த்திருக்கிறார்கள். சொல்லிப் பட்டி பார்த்தால் அது வேலை. சொல்லாமல் பார்த்தால் திருட்டு."

பிறகு நம்மைக் கோவிலுக்குள் அழைத்துப் போய், பீடத்தின் துகிலை ஓர் ஓரம் விலக்கினார். தேக்குப் பலகையின் நடுவே, கட்டைவிரல் நகத்தளவில் ஒரு கணு. மரத்தூளையும் வச்சிரப் பசையையும் குழைத்து அவர்தாம் அடைத்தாராம். அன்றைய பங்குத் தந்தையிடம் காட்டிய பிறகே அடைத்தாராம். நான்கு ஆண்டுகளாக நாள்தோறும் அந்தப் பலகைமேல் கை வைத்து நிற்கிறோம். நமக்குத் தெரியாது.

அன்றிரவு இதைப் பற்றித் தேடிப் படித்தோம். தச்சர் கண்ணால் கண்டதை நூல்களும் ஒப்புக்கொள்கின்றன. பிரையர் என்பது மத்தியதரைக் கடலோரக் குன்றுகளில் வளரும் ஒரு புதர்ச்செடி. தண்டுக்கும் வேருக்கும் இடையே, மண்ணை ஒட்டி, பல பத்தாண்டுகளில் ஒரு முண்டு திரள்கிறது. அதைத் தோண்டி எடுத்து, துண்டுகளாக்கி, சாறு இறங்கும் வரை பல மணி நேரம் வேகவைத்து, மாதக்கணக்கில் நிழலில் உலர்த்துகிறார்கள். வெப்பத்தை அவ்வளவு நன்றாகத் தாங்கும் மரம் வேறு அரிது. ஆனால் வளரும்போது விழுங்கிய மணலும் சிறு கல்லும் அதற்குள்ளேயே குழிகளாக நின்றுவிடுகின்றன. கடைசல் உளி படும் வரை கைவினைஞருக்கே அது தெரியாது. குழியொன்றும் இல்லாத கிண்ணம் சிலவே தேறும். அதன் விலை பன்மடங்கு. மற்றவற்றை அடைத்துச் சாயம் ஏற்றுவார்கள். அல்லது மேற்புறத்தைச் சொரசொரப்பாகச் செதுக்குவார்கள். லண்டனில் ஆல்பிரட் டன்ஹில் முதல் உலகப் போர்க் காலத்தில் மணலை வீசி அரிக்கும் முறையைக் கொண்டுவந்தார். அந்தச் சொரசொரப்பே பிறகு மதிப்புப் பெற்றது. கிண்ணத்தின் உட்சுவரில் ஆழமான குழியோ விரிசலோ இருந்தால் மரம் கருகி ஓட்டை விழலாம். வெளிப்புறத்துப் புள்ளியால் சுங்கானுக்கு ஒரு கேடும் இல்லை.

இக்கைத்தொழிலுக்குப் பேர்போன ஊர் பிரான்சில் ஜூரா மலைப்பகுதியிலுள்ள செங் குளோத். ஏழாம் நூற்றாண்டின் ஆயரான புனித குளோதின் திருப்பண்டத்தை வணங்க அங்கே திருப்பயணிகள் திரண்டனர். அவர்களுக்கு விற்க ஊரார் மரத்தில் செபமாலை மணிகள் கடைந்தனர். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1794-இல், புனிதரின் உடல் எரிக்கப்பட்டது. கடைசல் கை மட்டும் ஊரில் தங்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அந்தக் கைக்குப் பிரையர் கிடைத்தது. செபமாலை கடைந்தவர்களின் பேரப்பிள்ளைகள் சுங்கான் கடைந்தார்கள் என்பது நமக்குச் சிரிப்பையும் ஏதோ ஒரு வருத்தத்தையும் சேர்த்தே தந்தது.

நாம் புகைக்குப் பரிந்து பேசுவதாக எவரும் எண்ண வேண்டாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் எழுந்த புற்றுநோய் மருத்துவமனைக்கு நாம் நற்கருணை எடுத்துச் சென்றதுண்டு. சுருட்டானாலும் சுங்கானானாலும் புகையிலை வாயையும் தொண்டையையும் என்ன செய்யும் என்பதை அங்குள்ள கட்டில்களருகே கண்டிருக்கிறோம்.

மறுநாள் மாலை பெட்டியை எடுத்துக்கொண்டு மந்தைவெளிக்குப் போனோம். மாடிப்படி ஏறும்போது, சொல்ல வேண்டியதை இருமுறை மனத்திற்குள் சொல்லிப் பார்த்தோம். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வெளியே முழந்தாளிடுவது எளிதன்று என்பது நமக்கும் அன்று தெரிந்தது. தச்சர் சொன்னதையும் படித்ததையும் கூறி, "நாம் அறியாமல் பேசினோம், உங்கள் மகனைப் பழித்தோம்" என்றோம்.

அன்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு தம் கைப்பேசியில் மகனின் பதிலைக் காட்டினார். அது வந்து பத்து நாளாகியிருந்தது. அவர் மறுமொழி எழுதவில்லை. ஒரு சனிக்கிழமை ரயிலேறிச் செங் குளோத்துக்கே போனாராம் மகன். கடைக்கார அம்மையார் அந்த மூன்று புள்ளிகளையும் தாமே சுட்டிக்காட்டி, குறையற்ற வேறொன்றையும் காட்டினாராம். "அதை வாங்க என்னால் முடியும், அப்பா. ஆனால் அது நேராக இருந்தது. இதுதான் உங்கள் மூர் மார்க்கெட் பைப் மாதிரியே வளைந்திருந்தது" என்று முடிந்திருந்தது செய்தி.

"சாக்குப் போக்கு என்று நினைத்தேன்" என்றார் அன்பர், கண்ணாடியைக் கழற்றியபடி.

அவர் வீட்டிலிருந்தே மகனை அழைத்தோம். அங்கே பிற்பகல். நாம் யாரென்று சொல்லி, மன்னிப்புக் கேட்டோம். மறுமுனையில் சற்று நேரம் ஓசையில்லை. பின்னர், "அப்பா அதைப் பற்ற வைத்துவிட்டாரா, ஃபாதர்? வேண்டாம் என்று சொல்லுங்கள். சும்மா கையில் வைத்துக்கொள்ளத்தான் அனுப்பினேன்" என்றார்.

கைப்பேசியைத் தந்தையிடம் கொடுத்துவிட்டு முகப்புக்குச் சென்று நின்றோம். எதிரே பறக்கும் ரயில் ஒன்று விளக்கோடு திருவான்மியூர்ப் பக்கம் போயிற்று. சிறிது நேரம் கழித்து இன்னொன்று. குருமனையில் இரவுக் கஞ்சி ஆறிக்கொண்டிருக்கும். திரும்பிப் பார்த்தோம். அன்பர் சுங்கானை விளக்கருகே பிடித்து, கட்டைவிரலால் கிண்ணத்தின் இடப்புறத்தைத் தடவிக்கொண்டே, அம்மாவின் கல்லறையில் சலவைக்கல் பதிப்பதைப் பற்றி மகனிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது ரயிலும் வந்து போயிற்று.