கைக்கு அடங்கிய இழைப்புளி

சகோதரிகளே, "இழைப்புளி" என்ற சொல்லைப் பார்த்ததும் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தொடர்கதையின் கதாநாயகி எங்கேயும் ஓடிவிட மாட்டாள். போன வாரம் நிறுத்திய இடத்திலேயே கண்ணும் கண்ணீருமாக நின்றுகொண்டிருப்பாள். அவளை ஐந்து நிமிஷம் காக்க வைத்துவிட்டு, என்னோடு ஒரு தச்சு யந்திரத்தைப் பார்க்க வாருங்கள். அதை வாங்கலாமா, வேண்டாமா என்று எங்கள் வீட்டில் மூன்று வாரம் வழக்கு நடந்தது. வாதி என் தம்பி, பிரதிவாதி அம்மா. பணம் என்னுடையது, ஆகவே நீதிபதி ஸ்தானம் எனக்கு!

சென்னைக்குத் தெற்கே கோவளம் கடலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அலைமேல் பலகை போட்டுச் சறுக்குகிறவர்களில் என் தம்பியும் ஒருவன். சறுக்குவதோடு திருப்தி அடைந்திருக்கலாம். பலகையையே சொந்தக் கையால் செய்யப் போகிறேன் என்று ஆரம்பித்தான். அதற்கு மின்சாரத்தில் ஓடும் இழைப்புளி, அதாவது 'பவர் பிளேனர்' வேண்டுமாம். நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு இதிலேயே இறங்கிவிடுவானோ என்று அம்மாவுக்குப் பயம். என் தீபாவளி போனஸ் போய்விடுமே என்று எனக்குக் கவலை.

விஷயம் தெரியாமல் தீர்ப்புச் சொல்வது நியாயமா? உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க எனக்கே ருசி தட்டிவிட்டது.

ஹவாய்த் தீவு மக்கள் பல நூற்றாண்டுகளாக மரத்தைச் செதுக்கிப் பலகை செய்து அலைமேல் நின்றவர்கள். 1950-களில் கலிபோர்னியாவில் ஈக்வடாரிலிருந்து வந்த பால்ஸா என்ற இலேசான மரத்தில் பலகை செய்தார்கள். 1958-ல் ஹோபி ஆல்ட்டர் என்பவரும் அவரிடம் வேலை பார்த்த கார்டன் கிளார்க்கும் பாலியூரிதேன் நுரையில் பலகை செய்யும் வழியைப் பிடித்தார்கள். 1959-ல், அலைச்சறுக்குக் கற்றுக்கொள்ளும் ஒரு சின்னப் பெண்ணின் கதையான 'கிட்ஜெட்' படம் வந்தது. அதைப் பார்த்தவர்களுக்கெல்லாம் பலகை ஆசை பிடித்துக்கொண்டது. இந்த ஹோபி ஆல்ட்டர்தான் பின்னால் இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகுகள் செய்தும் பெயர் வாங்கினார். அந்த ஜாதிப் படகுக்கு ஆங்கிலத்தில் 'கட்டமரான்' என்று பெயர். நம்முடைய கட்டுமரம்தான் கப்பலேறி அங்கே போயிருக்கிறது!

சரி, பலகை எப்படி உருவாகிறது? அச்சில் வார்த்த நுரைப்பாளம் ஒன்று வரும். நடுவே நீளவாக்கில் ஒரு மரச்சட்டம் இருக்கும். பாளத்தின் மேல்தோல் கெட்டி. உள்ளே போகப் போக மெத்து. ஆகையால் எவ்வளவு குறைவாக இழைக்கிறோமோ அவ்வளவு நல்லது. மூக்கிலிருந்து வால்வரை நடந்துகொண்டே இழைத்து உருக்கொடுக்க வேண்டும். பிறகு கண்ணாடி இழைத்துணி போர்த்து, ரெசின் என்ற பசையைப் பூசிக் காயவிட வேண்டும்.

இங்கேதான் இழைப்புளியின் சூட்சுமம் வருகிறது. பிளேனரின் அடிப்பாகம் இரண்டு தட்டுகள். இரண்டுக்கும் நடுவே பிளேடு பூட்டிய ஓர் உருளை சுழல்கிறது. பின்தட்டு பிளேடின் மட்டத்தில் அசையாமல் இருக்கும். முன்தட்டு எவ்வளவு மேலே ஏறுகிறதோ அவ்வளவு ஆழம் சீவும். தட்டை ஏற்றி இறக்க முன்புறம் ஒரு குமிழ் உண்டு. கதவு இழைக்கும் தச்சருக்கு ஆழத்தை ஒரு தடவை வைத்துவிட்டால் போதும். வழி முழுதும் ஒரே சீவல். பலகை செய்பவருக்கு அது உதவாது. மூக்கருகே ஒன்றுமில்லாமல் தொடங்கி, நடுவே ஆழ்ந்து, வாலருகே மறுபடி ஒன்றுமில்லாமல் முடிய வேண்டும். இல்லாவிட்டால் சீவல் நின்ற இடத்தில் படிக்கட்டு விழுந்துவிடும். அதனால் யந்திரம் ஓடிக்கொண்டிருக்க, கால் நடந்துகொண்டிருக்க, இடது கை குமிழைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதற்குப் பேர்போனது 'ஸ்கில் 100' என்ற அமெரிக்க பிளேனர். ஓடும்போதே ஆழத்தை மாற்ற அதன் முன்பிடி அத்தனை இசைவாக இருக்குமாம். அது இப்போது உற்பத்தியில் இல்லை. கிளார்க்கின் நுரைக் கம்பெனியே ஹிட்டாச்சி பிளேனர்களை வாங்கி, குமிழையும் ஆழத்தையும் மாற்றிப் பலகைக்காரர்களுக்கு விற்றுவந்தது. அந்தக் கம்பெனியும் 2005 டிசம்பர் 5-ம் தேதி திடீரென்று கதவைச் சாத்திவிட்டது.

தம்பி பழைய ஸ்கில் ஒன்றைத் தருவிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். "அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், நமக்கோ 230. பிளக்கைச் செருகினால் புகைதான் வரும். டிரான்ஸ்பார்மர் வாங்க இன்னொரு போனஸ் வேண்டும்" என்று அந்த மனுவைத் தள்ளுபடி செய்தேன். உள்ளூர்க் கடையில் கிடைக்கிற 82 மில்லிமீட்டர் அகலப் பிளேனரையே பார்ப்பது என்று முடிவாயிற்று.

கடையில் என்ன பார்த்தோம், தெரியுமா? இரும்பு அளவுகோலைக் குறுக்கே வைத்து, அடித்தட்டு வளைவில்லாமல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தோம். ஒரு கையால் தூக்கினால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தோம். பெல்ட்டும் கார்பன் பிரஷ்ஷும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டோம். முக்கியமாக, குமிழ் பூஜ்யத்தில் நிற்கும்போது இரண்டு தட்டுகளும் ஒரே மட்டத்துக்கு வந்து பிளேடு எதையும் தொடாமல் இருக்கிறதா என்று கவனித்தோம்.

ஒரு வாரத் தவணையில் சோதித்துப் பார்க்க ஒன்று வீட்டுக்கு வந்தது. அம்மா அதைப் பூனைக்குட்டியைத் தொடுவதுபோல் தொட்டாள். குமிழைத் திருப்பினாள். 'டக், டக்' என்றது.

"இது என்னடா, நின்று நின்று போகிறது? தையல் மிஷின் மிதி இப்படி இருந்தால் நான் ஒரு ரவிக்கைக் கழுத்தாவது வளைத்திருப்பேனா?" என்றாள்.

அப்பா காலமான பிறகு எங்கள் இருவரையும் படிக்கவைத்தது அந்தக் கால்மிதி மிஷின்தான். வளைவு வந்தால் மிதி தானாகத் தளரும், நேர்கோட்டில் விரையும். காலுக்கும் ஊசிக்கும் நடுவே தடங்கல் கிடையாது. தம்பி என்னைப் பார்த்தான். நான் தம்பியைப் பார்த்தேன். அமெரிக்காக்காரர்கள் எதற்காக யந்திரத்தைப் பிரித்து மாற்றினார்கள் என்பதை எதிர்க்கட்சி வக்கீலே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்!

பிளேனரை வைத்துக்கொண்டோம். மாற்றும் வேலை பெரிதல்ல. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் குமிழைக் கழற்றினான். 'டக்' என்று நிறுத்துகிற சின்ன ஸ்பிரிங்கை எடுத்தான். அதை எடுத்தால் மட்டும் போதாது. யந்திரத்தின் அதிர்ச்சியில் குமிழ் தானாகவே சுழன்றுவிடும். ஆகவே அடியில் இறுக்கமான, வழவழப்பான வாஷர் போட்டான். இப்போது கை விட்ட இடத்தில் நிற்கிறது. கை கேட்டால் நழுவுகிறது. விரலுக்குப் பதில் உள்ளங்கையால் திருப்பும்படி பெரிய குமிழ் ஒன்றைப் பட்டறையில் கடைந்து வாங்கினான். நுரையில் கீறல் விழாதபடி அடித்தட்டின் கூர்முனைகளை அரத்தால் ராவினான். இரண்டு பிளேடுகளும் ஒரே உயரத்தில் நிற்கும்படி பூட்டினான்; ஒரு முனை துருத்தினாலும் நுரையில் கோடு விழும். ஆழத்தை மூன்று மில்லிமீட்டராகக் கூட்டப்போகிறேன் என்றான். "முதலில் பூஜ்யத்துக்கு வரப் பழகு, ஆழம் எங்கே ஓடிவிடப் போகிறது?" என்று பட்டறைக்காரரே தடுத்துவிட்டார்.

நீதிபதி இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லையே என்கிறீர்களா? சொன்னேன். பணம் தருகிறேன், ஆனால் முதல் செலவு யந்திரத்துக்கல்ல. அந்த நுரைத்தூள் நுரையீரலுக்குள் போகக்கூடாது. கைக்குட்டை கட்டிக்கொண்டால் போதாது. வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். பிளேனரின் அலறலுக்குக் காதுக் கவசம் வேண்டும். இரண்டும் வீட்டுக்கு வந்த பிறகுதான் பிளேனருக்குப் பணம் கட்டினேன். உத்தியோகத்தை விடுவதில்லை என்று அவனும் ஒப்புக்கொண்டான்; இப்போதைக்கு என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டான்.

மொட்டைமாடி அறைச் சுவருக்குக் கருநீலம் பூசி, இரு பக்கமும் பாளத்தின் உயரத்துக்குக் குழல்விளக்குப் போட்டிருக்கிறான். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால், கண்ணுக்குத் தப்பும் மேடுகூட நிழல் காட்டிக்கொடுத்துவிடுமாம்.

போன ஞாயிறன்று, பழகுவதற்காகத் தெர்மாகோல் பாளம் ஒன்றை இழைத்து முடித்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூப்பிட்டான். அம்மா மேலே ஏறி வந்தாள். விளக்கைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தைத்த துணியைத் தடவுவதுபோல் மூக்கிலிருந்து வால்வரை உள்ளங்கையால் தடவினாள். ஓரிடத்தில் கை நின்றது.

"இங்கே கொஞ்சம் தூக்கியிருக்கிறதுடா."

தம்பி குனிந்து பார்த்தான். அந்த இடத்தில் மெல்லிய நிழல் ஒன்று விழுந்திருந்தது.