எதிரில் நிற்பவரின் முகம்

வில்லன் வேடம் போடுகிற நாங்கள் எங்களுக்குள் அதிகம் பேசிக்கொள்வது குரலைப் பற்றி, பார்வையைப் பற்றி, வசனத்தை எங்கே நிறுத்தி எங்கே எடுப்பது என்பதைப் பற்றி. எல்லாமே தேவையான பேச்சுதான். ஆனால் இந்த வேடங்களைச் செய்தும், முன்னோர் செய்ததைத் திரும்பத் திரும்பப் பார்த்தும் எனக்கு உறுதிப்பட்ட விஷயம் வேறு. வில்லன் மீதான பயம் அவன் எதிரில் நிற்பவரின் முகத்தில் பிறக்கிறது. அதிகாரத்தை ஒரு நடிகன் தனியாக நடித்துக் காட்ட முடியாது. அவன் உள்ளே வந்ததும் மற்றவர்கள் பேச்சை நிறுத்த வேண்டும், வழி விட்டு ஒதுங்க வேண்டும், பதில் சொல்லுமுன் எச்சில் விழுங்க வேண்டும். அதையெல்லாம் அமைப்பவர் இயக்குநர். அதனால் ஒரு வில்லன் நடிகனின் வாழ்க்கையில் பாதி, அந்த எதிர்வினையை இயக்குநரோடு சேர்ந்து கட்டுவதிலேயே கழிகிறது.

இதற்கு நான் முதலில் சொல்லும் சான்று 1965இல் வந்த ‘எங்க வீட்டுப் பிள்ளை’. தாபி சாணக்யா இயக்கிய அந்தப் படத்தில் நம்பியாருக்கு கஜேந்திரன் வேடம்; மைத்துனன் ராமுவைச் சாட்டையைக் காட்டியே அடக்கி வைத்திருப்பவன். எம்.ஜி.ஆர். ராமுவாகவும் இளங்கோவாகவும் இரட்டை வேடத்தில் வருகிறார். முற்பகுதியில் கஜேந்திரன் நமக்கு அவ்வளவு பெரியவனாகத் தெரிவதற்கு, எம்.ஜி.ஆர். தன் தோளைக் குறுக்கிக் குரலை ஒடுக்கிக்கொண்டதுதான் பெரிய காரணம். திரையில் வீரனாகவே பார்த்துப் பழகிய ஒருவர் நடுங்கும்போது, நடுங்க வைப்பவனின் உயரம் தானாகக் கூடிவிடுகிறது. பிறகு ராமுவின் இடத்துக்கு இளங்கோ வருகிறான். வீடு அதேதான், மாடிப்படி அதேதான், நம்பியாரும் அவரே. எதிரில் இருப்பவன் பயப்பட மறுத்த நொடியில் கஜேந்திரன் சுருங்கிப் போகிறான். அந்தச் சுருக்கத்தை நம்பியார் முழு மனதோடு நடித்துக் கொடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தன் கெத்தைக் காப்பாற்றிக்கொள்ள நினைக்கிற வில்லன் நடிகனால் அது முடியாது. அதே நம்பியாரை 1982இல் ‘தூறல் நின்னு போச்சு’ படத்தில் பாக்யராஜ் நல்ல மனிதராக நடிக்க வைத்தார்; ஊர் ஏற்றுக்கொண்டது. முகத்திலேயே கொடூரம் இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

அப்படியானால் பி.எஸ். வீரப்பாவின் சிரிப்பு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ‘மகாதேவி’, ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ போன்ற படங்களில் அவர் குரல் எழுந்தால் கொட்டகையே அதிரும். அங்கே எதிராளியின் முகத்தை யார் பார்த்தார்கள்? அந்தத் தலைமுறை நடிகர்கள் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். நம்பியாரே சிறுவயதில் நவாப் ராஜமாணிக்கம் கம்பெனியில் சேர்ந்தவர். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்க வேண்டும், தெரிய வேண்டும் என்பது அந்த மேடையின் பாடம். க்ளோசப் இல்லாத இடத்தில் எதிர்வினை நடிகரின் கண்ணோரத்தில் தெரிந்து பயனில்லை. சிரிப்புதான் தூரத்தைக் கடக்கும். ஆகவே அந்தச் சத்தத்தை மிகை என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. ஆனாலும் வீரப்பாவின் சிரிப்பைக் கவனித்துக் கேளுங்கள். அது முடிந்த பிறகு வரும் அமைதியில்தான் வேலை நடக்கிறது. அரசவையில் வேறு யாரும் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் நமக்கு உறைக்கிறது. பின்னால் வந்த பலர் சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த அமைதியை விட்டுவிட்டார்கள்.

இன்னும் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. யாருமே பயப்படாத வில்லன் இருக்கிறானே! வசந்த் இயக்கிய ‘ஆசை’ (1995) படத்தில் பிரகாஷ்ராஜ் நடித்த மேஜர் மாதவனை எடுத்துக்கொள்வோம். மனைவியைக் கொன்றுவிட்டு அவளுடைய தங்கை மீது கண் வைக்கிறான். அந்தக் குடும்பத்துக்கோ அவன் பொறுப்பான மாப்பிள்ளை. பூர்ணம் விஸ்வநாதன் செய்த மாமனார் அவனை மனதார நம்புகிறார், மதிக்கிறார். நமக்கு வயிற்றைப் பிசைவது அந்த நம்பிக்கைதான். பயத்துக்குப் பதில் நம்பிக்கை வந்திருக்கிறதே தவிர, வில்லனைப் பெரியவனாக்குவது இங்கேயும் பிறரின் முகம்தான். மாமனார் ஒரே ஒரு காட்சியில் சந்தேகப்பட்டிருந்தாலும் பிரகாஷ்ராஜின் அத்தனை நுணுக்கமும் பாதியாகக் குறைந்திருக்கும். யாருக்கு எப்போது எவ்வளவு தெரியும் என்பதை இயக்குநர் தெளிவாகப் பிரித்து வைத்ததால்தான் அந்த நடிகருக்கு நிதானமாகச் சிரிக்கும் சுதந்திரம் கிடைத்தது.

அப்படியானால் வில்லன் நடிகனுக்கு என்னதான் வேலை, சும்மா நின்றால் போதுமா? போதாது. எதிரில் இருப்பவர் பதில் கொடுப்பதற்கு உண்மையான ஒன்றை அவன் கொடுக்க வேண்டும். அது ஒரு தேவை, ஒரு குறை, ஒரு ஆசை. ‘தேவர் மக’னில் நாசர் செய்த மாயத்தேவர் தன்னைக் கெட்டவனாக ஒரு கணமும் நினைப்பதில்லை, தன் வீட்டுக்கு மரியாதை மறுக்கப்பட்டது என்ற காயம் அவன் நெஞ்சில் நிஜமாக இருக்கிறது. அதனால்தான் பஞ்சாயத்தில் அவன் பேசும் ஒவ்வொரு சொல்லும் சிவாஜியின் பெரிய தேவர் மீது போய் விழுகிறது. அந்த மனிதர் நொறுங்குவதை நாம் நம்புகிறோம். ரகுவரன் இன்னொரு படி மேலே போனார். ‘முதல்வன்’ (1999) பேட்டிக் காட்சியில் முதலமைச்சர் அரங்கநாதனுக்கு எழுந்து நிற்க வேண்டிய அவசியமே இல்லை. நாற்காலியில் சாய்ந்து, கேள்விகளைச் சின்னப் பிள்ளை விளையாட்டைப் போலக் கேட்டுக்கொள்கிறார். கேள்வி நெருங்க நெருங்க அவர் பதில்களுக்கு இடையிலான இடைவெளி மாறுகிறது. அங்கே ரகுவரனே எதிர்வினை செய்பவராக மாறிவிடுகிறார். அர்ஜுனின் நிருபர் வளர்வது ரகுவரனின் முகத்தில். ஒரே காட்சிக்குள் அதிகாரத்தை வாங்கிக்கொள்ளவும் திருப்பிக் கொடுக்கவும் தெரிந்த நடிகர் அவர். ஷங்கர் அந்தக் காட்சியை அவசரப்படாமல் நீளவிட்டதும் சரியான முடிவு.

இதை இப்போது வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வில்லனின் அறிமுகக் காட்சிக்கு இன்று பணமும் நாளும் தாராளமாகக் கிடைக்கின்றன. கார்கள், ஸ்லோ மோஷன், பின்னணி இசை, வரிசையாக அடியாட்கள். ஆனால் கால்ஷீட் ஒத்துவராமல் நாயகனின் பக்கத்தை ஒரு நாளும் வில்லனின் பக்கத்தை வேறொரு நாளும் எடுக்கிறார்கள்; கேமராவுக்குப் பக்கத்தில் நின்று உதவி இயக்குநர் எதிர் வசனத்தைப் படிக்கிறார். மொழி தெரியாத நடிகர் என்றால் இன்னும் சிக்கல்: எதிரில் சொல்லப்பட்டது என்ன என்று புரியாமலே கண்ணை உருட்ட வேண்டியிருக்கிறது. வெளியூர்க்காரர் என்பதைக் குறையாகச் சொல்லவில்லை; நம்பியார் கண்ணூர்க்காரர், பிரகாஷ்ராஜ் கன்னடத்திலிருந்து வந்தவர். இருவரும் மொழியைக் கற்றுக்கொண்டார்கள், எதிரில் இருப்பவரின் சொல்லைக் காதால் கேட்டு நடித்தார்கள். இந்த வேடத்துக்கு வரும் இளைஞர்கள் இயக்குநரிடம் பெரிய அறிமுகக் காட்சியைக் கேட்பதை விட, எதிர் நடிகரோடு ஒன்றாக நிற்கும் நாட்களைக் கேட்டு வாங்க வேண்டும் என்று விரும்புகிறேன். உங்கள் ஷாட் முடிந்ததும் கேரவனுக்குப் போய்விடாதீர்கள். அடுத்து எடுக்கப்போவது அவருடைய க்ளோசப். கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, உங்கள் வசனத்தை அதே குரலில், அதே கோபத்தோடு அவருக்குக் கொடுங்கள்.