ஏழு எண்ணிட்டு ஓடிட்டா!

எல்.கே.ஜி. முதல் நாள் நீங்க அழுதீங்களா? நான் வேன் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஊரே கூடுற மாதிரி அழுதேனாம். எங்க ஆமத்தூர்ல இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாங்க.

அக்கா பொண்ணுக்கு இப்போ மூணரை வயசு. "இந்த வருஷம் ஸ்கூல் வேணாம், வீட்லயே இருக்கட்டும். அவ எதைக் கையில எடுக்கிறாளோ அதுதான் பாடம்"னு அக்கா சொல்லிட்டா. சட்டப்படி தப்பில்லை பாஸ். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 6 வயசுல இருந்து 14 வரைக்கும்தான்.

பாப்பா முதல்ல கையில எடுத்தது என்ன தெரியுமா? காலித் தீப்பெட்டிகள். அடுக்கினா, சரிச்சா, உள்பெட்டியை உருவி உருவி மாட்டினா. நான் ரசிச்சுப் பார்த்துட்டு இருந்தேன். அம்மா விறுவிறுன்னு வந்து அத்தனையையும் பிடுங்கிப் பரண்ல போட்டுட்டாங்க.

அம்மா எட்டு வயசுலேயே தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவங்க. விடியறதுக்கு முன்னாடியே பஸ் வந்து ஹாரன் அடிக்குமாம். தூக்கத்தோடயே ஏத்தி விடுவாங்களாம். 1986-ல குழந்தைத் தொழிலாளர் சட்டம், 1996-ல சிவகாசி வழக்குல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு எல்லாம் வந்துச்சு. அம்மாவுக்கு அதெல்லாம் ரொம்ப லேட். "சின்னப்புள்ள கையில தீப்பெட்டியா?" அவ்வளவுதான் கேட்டாங்க.

நான் லைப்ரரியில படிச்சதை எடுத்து விட்டேன். மரியா மாண்டிசோரி 1907-ல ரோம்ல ஏழைத் தொழிலாளர் குடியிருப்புல குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினவர். 1939-ல நம்ம அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போர் சமயத்துல கொடைக்கானல்லயும் இருந்தார். குழந்தையே தேர்ந்தெடுக்கணும், கையால செஞ்சு கத்துக்கணும்னார். (அவர் பேரை போர்டுல எழுதிட்டு மூணு வயசுக்கு ஹோம்வொர்க் குடுக்கிற இடங்களும் உண்டு, அது தனிக்கதை!)

அம்மா பதில் சொல்லலை. பூண்டு உரிச்சுக்கிட்டே இருந்தாங்க. அரை மணி நேரம் கழிச்சு அவங்களே பெட்டிகளை இறக்கி, முந்தானையால துடைச்சு வெச்சாங்க. அக்காகிட்ட ஒரே கண்டிஷன்: "அவளா எந்திரிச்சா விட்டுரணும். இன்னும் பத்து அடுக்குன்னு யாரும் சொல்லக்கூடாது."

பாப்பா ஏழு வரைக்கும் எண்ணினா. தெருவுல ஆட்டுக்குட்டி கத்துச்சு. எட்டாவது பெட்டியை அப்படியே போட்டுட்டு ஓடிட்டா.

அம்மா கூப்பிடவே இல்லை.