கரையைப் பார்த்துப் பாதை போடுங்கள்

ஏரிகளைக் கோத்து மிதிவண்டிப் பயணம் போக நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "மொத்தம் எத்தனை கிலோமீட்டர்?" நான் முதலில் பார்ப்பது ஏரியின் வடிவத்தை.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்ட வரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு பக்கம் வில்லாக வளைந்த அழுத்தமான கோடு இருக்கும். அதுதான் கரை. எதிர்ப்பக்கம் கிழிந்த துணியின் ஓரம்போலப் பிசிறு பிசிறாகக் கிடக்கும். அது தண்ணீர் வந்து சேரும் பக்கம். ஊர், கோயில், மதகு, டீக்கடை, இறுகிய தடம் எல்லாம் பெரும்பாலும் கரையை ஒட்டியே அமைந்திருக்கும்.

இதை ஒரு டிசம்பர் மாதம் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கைபேசி காட்டிய குறுக்குவழியை நம்பி ஏரியின் பின்பக்கம் இறங்கினேன். களிமண் சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் நடுவில் அப்பிக்கொண்டது. ஒரு குச்சியால் நோண்டி எடுத்து, வண்டியைத் தோளில் சுமந்து மேட்டுக்கு வந்தேன்.

எனக்குப் பிடித்த வழி மதுராந்தகத்தில் தொடங்குகிறது. ரயிலில் இறங்கி, ஏரிகாத்த ராமர் கோயிலைப் பார்த்துவிட்டு, வேடந்தாங்கல், கரிக்கிலி, உத்திரமேரூர் என்று மேற்கே போவேன். மாலையில் எழும் கடல்காற்று முதுகில் இருக்கும் என்பதால் அந்தத் திசை. வேடந்தாங்கல் ஏரி 30 ஹெக்டேர்தான். 'தாங்கல்' என்றாலே சிறிய ஏரி. ஆனால் ஜனவரியில் கூழைக்கடாவும் நத்தைக்குத்தி நாரையும் நிறைந்திருக்கும்போது அங்கே ஒரு மணி நேரம் போதாது. ஆகவே ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் வைப்பதில்லை.

கரைப் பாதையின் எதிரி சீமைக்கருவேல முள். பஞ்சரானால் டியூபை ஒட்டுவதோடு விடக்கூடாது. டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிக்கொண்டே வர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத முள்நுனி விரலில் நெருடும். அதைப் பிடுங்காவிட்டால் புது டியூபும் பத்து நிமிடம் தாங்காது.

அதைவிடக் கவனிக்க வேண்டியது கலங்கல். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அதன் வழியே வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். கீழே இருக்கும் தரைப்பாலம் முழுகிவிடும். பாசி பிடித்த கல்லில் சக்கரம் நிற்காது.

உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தைச் சொல்கிறது. ஏரியைக் கவனிக்கவென்றே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆட்களை வைத்த ஊர் அது. தண்ணீரின் போக்கு இன்றும் ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். கிளம்பும் முன் டீக்கடையில், "கலங்கல் போகுதாண்ணே?" என்று கேளுங்கள். "போகுது" என்றால் பத்து கிலோமீட்டர் சுற்றினாலும் சரி, வேறு வழியில் போங்கள்.