இரண்டடி உயரத்தில் ஒரு கூண்டு

சாம்பியன் ரீஃப், புரட்டாசி 22

பேரப்பிள்ளைக்கென்று பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்த கினிப்பன்றிகள் இன்றுமுதல் வீட்டின் பின்புறத்துப் புங்கமர நிழலில் வாசம் செய்யத் தொடங்கியிருக்கின்றன. ஆண்டீஸ் மலைநாட்டில், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதனுடைய சமையலறை மூலையில் அடுப்புச் சூட்டை நாடி ஒண்டி வளர்ந்த இந்தப் பிராணிக்கு மரம் ஏறவும் தெரியாது, வளை தோண்டவும் தெரியாது. ஓடி ஒளிவதும், ஒளிய இடம் அகப்படாவிட்டால் அசைவற்று உறைந்துவிடுவதுமே இயற்கை அதற்கு அருளிய தற்காப்பு. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதக் கடைசியில் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்டதிலிருந்து ஆளில்லாமல் இடிந்து கிடக்கும் வீடுகளும், ஓட்டுச் சாய்ப்புகளும், சுரங்கத்தின் சயனைடுக் கழிவு மண்மேட்டின் அடிவாரத்துப் புதர்களும் சூழ்ந்த இந்தத் தொழிலாளர் லைனில், எலி இனத்துக்குக் கிடைத்திருக்கும் சுதந்திரம் வேறெந்த ஜீவனுக்கும் கிடைத்ததில்லை. ஓட்டுக்கூரையில் கறுப்பெலி, சாக்கடையில் பெருச்சாளி, புதரோரத்தில் வெள்ளெலி என்று அவை தத்தம் எல்லையை வகுத்துக்கொண்டு வாழ்கின்றன. புதிதாக வந்தவற்றை அவற்றிடமிருந்து காப்பாற்றுவது எப்படி என்பதே இனி என் கவலை.

புரட்டாசி 29

தச்சர் வந்தார். கோழிவலை அடித்துவிட்டால் போதும் என்பது அவர் அபிப்பிராயம். அதை நான் ஏற்கவில்லை. கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துவதற்கு ஏற்பட்டதே தவிர, எலியை வெளியே நிறுத்துவதற்கு ஏற்பட்டதன்று. அதன் அகன்ற கண்களில் சுண்டெலி தாராளமாகப் புகும், மெல்லிய கம்பியைப் பெருச்சாளி தன் முன்பற்களால் பிரித்துவிடும். வளர்ந்த எலிக்கு அரை அங்குல இடைவெளியும், சுண்டெலிக்குக் கால் அங்குலத்துக்குச் சற்று மிகுந்த இடைவெளியும் போதும் என்ற கணக்கை வைத்துக்கொண்டு, கால் அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த இரும்பு வலையையே நான்கு பக்கமும் அடிக்கச் சொன்னேன். தரையை மட்டும் வெறும் வலையாக விடக்கூடாது. கினிப்பன்றியின் உள்ளங்கால் மிக மென்மையானது, கம்பிமேல் நடந்தால் புண்ணாகிவிடும். ஆகையால் அடியில் வலை, அதன்மேல் பலகை, பலகையின்மேல் வைக்கோல்.

கால்கள் இரண்டரை அடி. ஒவ்வொரு காலிலும் கவிழ்த்த புனலைப்போலத் தகரக் கவசம் ஒன்று. வழுவழுப்பான தகரத்தில் எலியின் நகம் பற்றாது. மரக்கிளையும் சுவரும் கூண்டைத் தொடாமல், எலி எட்டித் தாவ இயலாத தூரத்தில் இருக்க வேண்டும் என்பதால், புங்கமரத்தின் தாழ்ந்த கிளை ஒன்றை மனமில்லாமல் வெட்டினோம்.

ஐப்பசி 6

வலையைவிட முக்கியமானது ஆகாரம் என்று நாளுக்கு நாள் உறுதிப்படுகிறது. எலி கினிப்பன்றியைத் தேடி வருவதில்லை; கினிப்பன்றி தின்று மிச்சம் வைப்பதைத் தேடி வருகிறது. குட்டிகளைக் கடிப்பதும், பெரியவற்றோடு சண்டையிடுவதும் வந்தபின் நேரும் விபரீதங்கள். தீவனத்தை மூடிபோட்ட தகரடப்பாவில் வைத்துவிடலாம். பச்சைக்கு அந்த வழி இல்லை. மனிதனைப்போலவே கினிப்பன்றியின் உடலும் வைட்டமின் சி-யைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் சக்தி அற்றது. நார்வே நாட்டில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் 1907-இல் தானியத்தை மட்டும் கொடுத்து வளர்த்த கினிப்பன்றிகளுக்கு, மாலுமிகளைப் பீடித்த அதே ஸ்கர்வி நோய் கண்டதைக் கொண்டுதான், அந்நோயை ஆராயும் மார்க்கமே உலகத்துக்குத் திறந்தது. எனவே அருகம்புல்லும், முருங்கைக்கீரையும், கொத்தமல்லித் தண்டும் தினந்தோறும் புதிதாகவே தரவேண்டும். புதிதாகத் தந்ததில் மீந்ததைப் பொழுது சாய்வதற்குள் ஒரு இலைகூட விடாமல் எடுத்துவிடவும் வேண்டும். கூண்டுக்கடியில் உதிர்ந்ததைப் பெருக்கும் பொறுப்பைப் பேரன் ஏற்றுக்கொண்டிருக்கிறான்.

தண்ணீரையும் கிண்ணத்தில் வைப்பதில்லை. கவிழ்த்துக் கட்டிய புட்டியின் குழாய்வழியே குடிக்கின்றன. எலியின் மூத்திரம் கலந்த நீரில் எலிக்காய்ச்சலின் கிருமி உயிரோடிருக்கும். ஜப்பானில் இனாடாவும் இடோவும் 1915-இல் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தது, நோயாளியின் ரத்தத்தைக் கினிப்பன்றிக்குச் செலுத்தித்தான். அவ்வளவு எளிதில் அதற்குத் தொற்றும்.

ஐப்பசி 15

மழை. அடுத்த வீட்டு அம்மாள் வேலிக்கு அப்பால் நின்று, “வாத்தியாரய்யா, எதுக்கு இவ்வளவு பாடு? ரொட்டித் துண்டுல மருந்து தடவி நாலு மூலையில வெச்சா ஒரே ராத்திரியில தீந்துபோவும்” என்றாள். என்மீதுள்ள பரிவினால் சொன்ன வார்த்தை அது. “வேணாம்மா, அந்த ரொட்டியை எலி இழுத்துக்கொண்டுபோய் எங்கே போடும்னு யாருக்குத் தெரியும்?” என்றேன். எலிமருந்தில் கலக்கும் துத்தநாகப் பாஸ்பைடு வயிற்று அமிலம் பட்டவுடன் நச்சுவாயுவாக மாறும். அது எலியின் வயிறு, கினிப்பன்றியின் வயிறு, தெருக்குழந்தையின் வயிறு என்று பேதம் பார்க்காது. கூண்டுப்பொறி இருக்கிறது, நிலக்கடலை வைத்தால் விழுகிறது, அது போதும்.

ஐப்பசி 24

காலையில் சந்தில் ஒரு பெருச்சாளி செத்துக் கிடந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று. உயிரோடு ஓடும் எலியைக் கண்டு நான் கலங்குவதில்லை. காரணம் தெரியாமல் செத்துக் கிடக்கும் எலியைக் கண்டால் கலங்காமல் இருக்க முடிவதில்லை. எலி விழுந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு வயற்காட்டில் குடிசை போட்டுத் தங்கிய காலத்தைப் பற்றி என் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். பெங்களூரில் 1898-இல் பரவிய பிளேக்கை ஒட்டித்தான் மல்லேசுவரமும் பசவனகுடியும் அகன்ற வீதிகளோடு வளர்ந்தன. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில்களே உண்டு. 1994-இல் பீட் மாவட்டத்திலும் சூரத்திலும் அந்த நோய் மறுபடி தலைகாட்டுவதற்குமுன், இந்தியாவில் மனிதரிடம் அது கடைசியாகக் காணப்பட்டது 1966-இல், நம்முடைய கோலார் மாவட்டத்து முல்பாகலில். கர்நாடகமும் ஆந்திரமும் தமிழ்நாடும் கூடும் இந்த முச்சந்திப் பிரதேசத்தில், புதர்க்காட்டு வெள்ளெலிகளிடையே அக்கிருமி மறைந்து வாழ்கிறதா என்று பெங்களூரிலுள்ள கண்காணிப்புப் பிரிவினர் எலிகளைப் பிடித்துப் பரிசோதித்து வருவதும் அதன் காரணமாகவே.

இந்தச் சந்தர்ப்பத்தில் பம்பாய்ப் பரேலில் 1905-இல் தொடங்கிய பிளேக் ஆராய்ச்சியை நினைக்காமலிருக்க முடியவில்லை. சாதாரணக் குடியானவன் வீட்டைப்போலவே சிறு கட்டடங்களைக் கட்டி, அவற்றுக்குள் கினிப்பன்றிகளை விட்டுப் பார்த்தார்கள். தெள்ளுப்பூச்சி இல்லாத இடத்தில், நோய்ப்பட்டதும் நோயற்றதும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு ஒரே பாத்திரத்தில் தின்றும் நோய் பரவவில்லை. பூச்சி இருந்த இடத்திலோ பரவிற்று. தரைக்கு இரண்டங்குல உயரத்தில் தொங்கவிட்ட கூண்டிலிருந்த பிராணிக்கு நோய் கண்டது. இரண்டடி உயரத்தில் தொங்கியதற்குக் காணவில்லை. ஏனெனில் தெள்ளுப்பூச்சியால் அவ்வளவு உயரம் தாவ இயலாது. எலி செத்து உடல் குளிர்ந்ததும் தெள்ளுப்பூச்சி அதைவிட்டு இறங்கி வேறு சூடான ரத்தத்தைத் தேடுகிறது. அதனால்தான் செத்த எலி உயிருள்ள எலியைவிட அபாயமானது. நம் உயிரைக் காக்கும் இந்த அறிவை அந்த வாயில்லா ஜீவன்கள் தம் உயிரைக் கொடுத்துச் சம்பாதித்துத் தந்திருக்க, அதே அறிவைக்கொண்டு அவற்றின் வம்சத்தைக் காப்பாற்றுவது நமக்குக் கடமை அல்லவா? தச்சரிடம் இரண்டரை அடி கேட்டபோது எலியை மட்டுமே எண்ணினேன். இனி அதற்கு ஒரு அங்குலமும் குறைக்க மாட்டேன்.

செத்தவற்றைக் கையால் தொடாமல், எட்ட நின்று நீண்ட இடுக்கியால் எடுத்து, மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தோம். நகராட்சிச் சுகாதார ஆய்வாளருக்கும் தகவல் கொடுத்தேன். மாலையில் விசாரித்ததில், லைனின் கோடிவீட்டில் மருந்து வைத்திருந்தது தெரிந்தது. மனம் ஆறிற்று. ஆனாலும் பகலில் கினிப்பன்றிகளைப் புல்லில் மேயவிடுவதைப் பத்து நாளைக்கு நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

கார்த்திகை 2

கூண்டுக்கடியில் சாரைப்பாம்பு ஒன்று போயிற்று. எலிவாடையைப் பின்பற்றி வந்ததாயிருக்கும். யாரும் அதை அடிக்கவில்லை.

கார்த்திகை 19

பொறியில் எலி விழுந்து நாளாயிற்று, எச்சமும் காணோம். குளிர் மிகுந்திருப்பதால் இரவில் கூண்டின் இருபக்கமும் சாக்குத்திரை கட்டுகிறோம். திரையின் நுனி தரையில் தொங்கினால் அதுவே எலிக்கு ஏணியாகும் என்பதால், அதைக் கூண்டின் அடிமட்டத்தோடு கத்தரித்துவிட்டேன்.

மார்கழி 11

பெண் கினிப்பன்றி மூன்று குட்டிகள் ஈன்றிருக்கிறது. இரண்டு மாதத்துக்கும் மேலாகத் தாய்வயிற்றில் இருப்பதால் மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறந்து, சில மணி நேரத்திலேயே ஓடத் தொடங்கிவிட்டன. அடுத்த வீட்டு அம்மாளின் பேத்தி, “தாத்தா, எனக்கு ரெண்டு குடுப்பீங்களா?” என்று கேட்டாள். கட்டாயம் தருவதாகச் சொல்லி, அவர்கள் வீட்டுப் பின்புறத்தைப் போய்ப் பார்த்தேன். சாக்கடைமேல் பலகைக்கு ஓட்டை. கோழித்தீவனம் திறந்த சட்டியில். குட்டிகள் பால் மறப்பதற்குள் சட்டிக்கு மூடியும், சாக்கடைக்கு இரும்புச் சல்லடையும் போட்டுவிடுவதாக அம்மாள் ஒப்புக்கொண்டாள். எலிமருந்தையும் இனி வாங்குவதில்லை என்றாள். கூண்டுக்கு மரம் நான் தருகிறேன். தச்சருக்கு அளவு எழுதிக் கொடுத்தாயிற்று.