ஒரு பந்துத் தலை கற்பித்த பாடம்



தவணை இறுதிப் பணிகளால் சில வாரங்களாக எழுத இயலவில்லை. இன்று கற்றல் கற்பித்தலைப் பற்றி அல்லாமல், என் படக்கருவிப் பையிலுள்ள ஒரு சிறு பொருளைப் பற்றி எழுதுகிறேன். பள்ளி நிகழ்ச்சிகளில் படமெடுக்கும் பொறுப்பை ஏற்றிருக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

கடந்த ஆண்டு எங்கள் பள்ளி விளையாட்டுப் போட்டியின் இறுதி நிகழ்வு, 4x100 மீட்டர் அஞ்சல் ஓட்டம். சிவப்பு இல்லத்தின் கடைசி ஓட்டக்காரி ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி. மூன்றாவதாகக் கோலைப் பெற்றவள், முன்னே சென்ற இருவரையும் முந்திக்கொண்டு வந்தாள். திடலின் ஓரத்தில் ஒற்றைக்கால் தாங்கியின்மேல் படக்கருவியைப் பொருத்திக் காத்திருந்த நான், பொத்தானை அழுத்தினேன். அந்நொடியில் தாங்கியின் உச்சியிலிருந்த பந்துத் தலை வழுக்கி, படக்கருவி கீழ்நோக்கிச் சாய்ந்தது. கிடைத்தவை மூன்று படங்கள். மூன்றிலும் புல்லும் இரண்டு பாதங்களும் மட்டுமே.

மறுநாள் காலையில் அவளுடைய பாட்டி பள்ளி வாயிலில் காத்திருந்தார். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து பேத்தியை வளர்த்து வருபவர். அன்று விடுப்புக் கிடைக்காததால் போட்டியைக் காண வர முடியவில்லை.

"சார், எம் பேத்தி ஓடுன படம் இருக்குங்களா சார்?"

இல்லை என்றேன். "பரவாயில்ல சார்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் கடிந்துகொண்டிருந்தால்கூட எனக்கு இத்துணை வருத்தம் இருந்திருக்காது.

அந்தப் பந்துத் தலையை இணையத்தில் 45 ரிங்கிட்டுக்கு வாங்கியிருந்தேன். 5 கிலோ எடையைத் தாங்கும் என்று அதன் பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். என் படக்கருவியும் நீண்ட வில்லையும் சேர்ந்தே ஏறக்குறைய 1.5 கிலோதான். பிறகு ஏன் சாய்ந்தது? விடை, நாம் அறிவியல் பாடத்தில் நடத்தும் நெம்புகோலில் இருக்கிறது. ஒரு தடித்த புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பது எளிது. அதையே கையை நீட்டிப் பிடித்தால் சற்று நேரத்தில் தோள் வலிக்கிறது. எடை மாறவில்லை, தூரம் மாறியது. நீண்ட வில்லை முன்னோக்கி நீண்டிருக்கும்போது பந்தின்மீது விழும் திருகுவிசை மிகுகிறது. பெட்டியில் உள்ள எண் இதைச் சொல்வதில்லை. எண்ணை மட்டும் பார்த்து வாங்கியது என் பிழை.

அதன்பின் முறையாக ஆராய்ந்தேன். முதலில், தலை தேவைதானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வில்லையிலேயே தாங்கி வளையம் இருந்தால், திடலில் எடுக்கும் படங்களுக்குத் தலையே வேண்டியதில்லை. வளையத்தைத் தளர்த்திப் படக்கருவியை நெடுக்காகத் திருப்பலாம், தாங்கியைச் சற்றே சாய்த்து மேலும் கீழும் நோக்கலாம். ஒரு திசையில் மட்டும் சாயும் எளிய தலையும் உண்டு. அது பக்கவாட்டில் கவிழாது என்பது அதன் சிறப்பு. என் வில்லையில் வளையம் இல்லை. மேடை நிகழ்ச்சிகளில் அண்ணாந்து எடுக்கவும், தனி மாணவரை நெடுக்காக எடுக்கவும் வேண்டியிருக்கிறது. ஆகவே பந்துத் தலையே எனக்குப் பொருந்தும் என்று முடிவு செய்தேன்.

நான் கவனித்தவற்றை வரிசையாகத் தருகிறேன்:

1. திருகாணி: தாங்கியின் உச்சியில் 1/4 அங்குலமோ 3/8 அங்குலமோ இருக்கும். இரண்டும் பொருந்தாவிடில் ஒரு சிறு இடைத்திருகு போதும்.

2. பந்தின் அளவு: பந்து பெரிதானால் பிடிமானப் பரப்பும் பெருகும். என் பழைய தலையின் பந்து கோலிக்குண்டைவிடச் சற்றே பெரியது. இம்முறை 30 மில்லிமீட்டருக்குக் குறையாமல் தேடினேன்.

3. உராய்வுக் கட்டுப்பாடு: பூட்டும் குமிழைத் தளர்த்தினாலும் படக்கருவி தடாலென விழாமல் மெல்ல நகரும். மலிவான தலைகள் பலவற்றில் இது இல்லை. விலையைக் குறைக்க எண்ணி இதைக் கைவிடாதீர்கள்.

4. தகடு: ஆர்க்கா-சுவிஸ் வகைத் தகடாக இருந்தால், பின்னாளில் வேறு நிறுவனத் தகடுகளும் பெரும்பாலும் பொருந்தும். தகடு நழுவாமல் தடுக்கும் சிறு முளை இருப்பது நன்று.

5. குமிழ்: நம் நாட்டு வெயிலில் வியர்த்த கையாலும் இறுக்கக்கூடிய அளவில் இருக்க வேண்டும்.

இனி, எதற்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்பதையும் சொல்கிறேன். அடித்தளம் தனியே சுழலும் வசதி முக்காலிக்குத் தேவை. ஒற்றைக்கால் தாங்கியோ முழுவதுமே கையில் சுழலும். நீர்மட்டக் குமிழியும் இங்கே அவ்வளவாகப் பயன்படாது.

இப்பட்டியலோடு ஈப்போவில் ஒரு கடைக்குச் சென்றேன். என் படக்கருவியையும் கொண்டு சென்றேன். வில்லையை முழுவதும் நீட்டி, சாய்வாகப் பூட்டி, சுவரிலிருந்த ஒரு புள்ளியைக் காட்சித் துளையின் நடுவில் வைத்தேன். கைகளை அருகிலேயே வைத்துக்கொண்டு பிடியை மெல்லத் தளர்த்தினேன். முதல் தலையில் புள்ளி மேலேறிப் போயிற்று. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் புள்ளி அசையவில்லை. விலை 130 ரிங்கிட். வாங்கிவிட்டேன்.

இன்னும் ஒன்று: படக்கருவியை இடப்பக்கமாகத் திருப்பும்போது தலையே திருகிலிருந்து கழன்றுவிடக்கூடும், அவ்வப்போது இறுக்கிப் பாருங்கள். பந்துக்கு எண்ணெய் இடாதீர்கள், பிடி போய்விடும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கழுத்துவாரை எப்போதும் அணிந்திருங்கள்.

ஆண்டிறுதிப் பரிசளிப்பு விழாவிற்கு அந்தப் பாட்டி வந்திருந்தார். பேத்தி மேடையேறியபோது, கீழே நின்றவாறு அண்ணாந்து படமெடுத்தேன். தலை அசையவில்லை. பின்னர் இருவரையும் சேர்த்து ஒரு படமெடுத்து, அச்சிட்டுக் கொடுத்தேன். முந்தானையால் துடைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு பேத்தியிடம், "ஓடுறப்பவும் இப்படித்தான் சிரிச்சியா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லியிருக்க வேண்டியது என் படம். அவள் இப்போது இடைநிலைப்பள்ளியில் இருக்கிறாள், இன்னும் ஓடுகிறாளாம். ஆனால் எங்கள் திடலில் அவள் ஓடிய அந்த ஓட்டம் திரும்ப வராது. ஆகவே நிகழ்ச்சிக்கு முதல்நாளே உங்கள் கருவியைச் சோதித்துவிடுங்கள் என்பதே இக்கட்டுரையின் வழி நான் விடுக்கும் வேண்டுகோள்.