ஒரு சொல்லின் கனம்

சட்ட நூல்களை விரும்பிப் படிப்பவன் அல்லேன் நான். ஆயினும், ஆசிரியப் பணியில் முப்பது ஆண்டுகளைக் கழித்த எனக்கு, இத்தாலி நாட்டுச் சட்டமொன்றில் ஒரு சொல் மாறிய வரலாறு நெஞ்சைவிட்டு அகலவில்லை.

உடற்குறையோ மனவளர்ச்சிக் குறையோ உடைய பிள்ளைகள் அந்நாட்டில் நெடுங்காலம் தனிப் பள்ளிகளிலும் தனி வகுப்புகளிலும் ஒதுக்கப்பட்டிருந்தனர். துறவற சபையார் நடத்திய இல்லங்களும் அவற்றுள் உண்டு. அங்கே அன்புக்குக் குறைவிருந்திராது என்றே நம்புகிறேன். எனினும் அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒரே பலகையில் அமரும் பேறு அவர்களுக்கு வாய்க்கவில்லை.

1971-ஆம் ஆண்டுச் சட்டம், கட்டாயக் கல்விப் பருவத்தினருக்குப் பொது வகுப்பின் கதவைத் திறந்தது; மிகக் கடுமையான குறையுடையோரை மட்டும் விலக்கிற்று. 1975-இல் பிராங்கா பல்கூச்சி அம்மையார் தலைமையிலான குழு, பள்ளியே தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றது. 1977-ஆம் ஆண்டுச் சட்டம் தனி வகுப்புகளை ஒழித்தது, துணையாசிரியர்களை அளித்தது, அத்தகைய பிள்ளை பயிலும் வகுப்பில் 20 பேருக்குமேல் இருத்தலாகாது என்றும் விதித்தது. அறுபது பேர் நடுவே நின்று தொண்டை வறளக் கத்தியவனுக்கே அந்த எண்ணின் அருமை விளங்கும்!

ஆனால் மேல்நிலைக் கல்விக்கோ, 1971-ஆம் ஆண்டுச் சட்டம் "வசதி செய்து தரப்படும்" என்று மட்டுமே கூறியிருந்தது. எவ்வளவு இனிமையான சொல்! கண்பார்வை குன்றிய மகனைக் கைப்பிடித்து வந்த தாயொருத்தியிடம், "இடமிருந்தால் பார்ப்போம்" என்று இதே இனிமையோடு கூறப்பட்டதை நான் அருகிலிருந்து கேட்டிருக்கிறேன். அவள் ஒன்றும் பேசவில்லை. மகனின் புத்தகப் பையைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கினாள்.

உரோமை நகரில் இவ்வாறு மறுக்கப்பட்ட மாணவி ஒருத்தியின் வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம்வரை சென்றது. "வசதி செய்து தரப்படும்" என்பது செல்லாது; "உறுதி செய்யப்படுகிறது" என்றே இருத்தல் வேண்டும் என 1987-இல் தீர்ப்பாயிற்று. உடன் பயிலும் தோழரோடு பழகுவதே அப்பிள்ளைகளின் ஆற்றலைத் தூண்டும் என்பதையும் நீதிபதிகள் எடுத்துரைத்தனர்.

மாற்கு நற்செய்தியில், முடக்குவாதமுற்றவனைச் சுமந்துவந்த நால்வர் கூரையைப் பிரித்தே அவனை உள்ளே இறக்கினர். வீட்டுக்காரர் என்ன சொன்னாரோ, நற்செய்தியாளர் அதைக் குறிக்கவில்லை.

இத்தாலியில் எல்லாம் நிறைவாகிவிடவில்லை. துணையாசிரியர்கள் அடிக்கடி மாறுவதும், போதிய பயிற்சியின்றி வருவதும் பெற்றோரின் நீங்காத முறையீடுகள். ஆயினும் பெற்றோர் அங்கே முறையிடும் வேளையில், பிள்ளை வகுப்பினுள்ளே அமர்ந்திருக்கிறது.